காலைக் கறவை

பாமர்ஸ்டன்
7 ஜூலை 1957

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் ரூபியும் நலம். குளிர் தொடங்கியதிலிருந்து ரூபிக்கு இருமல். தேனும் எலுமிச்சையும் குடித்துக்கொண்டு எனக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்கிறாள். நீ எப்படி இருக்கிறாய்? அத்தானின் முதுகுவலி தேவலையா? உன் செல்ல மகள் ஹெதருக்குப் பள்ளி விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொண்டதா?

ஒரு காரியமாக எழுதுகிறேன். கறவை இயந்திரத்தில் மாட்டின் காம்பைப் பிடிக்கும் குவளைக்குள் இருக்கும் ரப்பர் உறையை மாற்றி வரைந்துகொண்டிருக்கிறேன் என்று சொன்னேன் அல்லவா? அது இப்போது கையில் வந்துவிட்டது. பழைய உறை எப்படி வேலை செய்கிறது என்று கண்ணாடிக் குவளை பொருத்திப் பார்த்தேன். பால் வரும்வரை ஒன்றுமில்லை. பால் நின்ற பிறகும் நம் ஆட்கள் குவளையைக் கழற்றாமல் சிகரெட் சுற்றிக்கொண்டு நிற்கிறார்களே, அப்போதுதான் கொடுமை. வெறும் உறிஞ்சல். காம்பின் நுனி சிவந்து உதடு மாதிரி வெளியே பிதுங்குகிறது. மாடு உதைக்காமல் என்ன செய்யும்?

என்னுடைய உறை மெல்லியது. கன்றின் நாக்கு அழுத்தி அழுத்தி விடுவதுபோல, ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவே காம்பை மூடிப் பிடித்து ஓய்வு கொடுக்கும். உறிஞ்சு விசையும் குறைவு. அப்படியும் பால் சீக்கிரம் இறங்குகிறது, ஏனென்றால் மாடு பயப்படுவதில்லை.

எங்கள் முதலாளி கில்கிறிஸ்ட் இதைப் பார்த்துவிட்டு, "லின்ட்சே, நம்ம பட்டறை எட்டு மாட்ட வச்சு நீ சொல்றத நம்பி அச்சு வார்க்க முடியாதுப்பா. நெசப் பண்ணையில ஒரு பருவம் ஓட்டிக் காட்டு" என்றார். உன் நினைவுதான் வந்தது. அறுபது மாடு, நல்ல ஜெர்சி இனம், நீ பக்கத்திலேயே இருந்து பார்ப்பவள். அத்தானிடம் கேட்டுச் சொல். ஒரு பைசா செலவில்லை.

ரூபி அன்பைச் சொல்லச் சொன்னாள்.

உன் தம்பி,
லின்ட்சே


அவாய் சாலை, டாரனாக்கி
4 ஆகஸ்ட் 1957

அன்புத் தம்பி லின்ட்சேக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். ரூபியை நெஞ்சில் கம்பளி கட்டிக்கொண்டு படுக்கச் சொல்.

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. கன்று ஈனும் காலம். இதுவரை இருபத்துச் சொச்சம் ஈன்றுவிட்டன. மழை விடவே இல்லை. முழங்கால் பூட்ஸுக்குள் சேறு புகுந்து, காலைக் கழற்றினால் பூட்ஸ் வருகிறதா பூட்ஸைக் கழற்றினால் கால் வருகிறதா என்றே தெரியவில்லை.

அவர் நல்ல மனநிலையில் இருந்த நேரம் பார்த்து உன் விஷயத்தைச் சொன்னேன். "மாட்டுக்கு என்னடி சொகுசு? பால் குடுக்க வந்துச்சா, பஞ்சணையில படுக்க வந்துச்சா?" என்று சிரித்தார். பிறகு, "சரி, ஓசியில வருதுன்னா மாட்டட்டும். உன் தம்பி படிச்ச படிப்பு நம்ம மாட்டுக்காவது ஆகட்டும்" என்றார். ஆகவே சம்மதம். சீக்கிரம் வா.

எனக்கும் இது நல்லபடி நடக்கவேண்டும் என்று ஆசை. மாடு உதைக்காமல் நின்றாலே கொட்டகையில் பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

டச்சஸ் காளைக்கன்று போட்டிருக்கிறாள். பான்ஸி இன்னும் ஈனவில்லை. என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், நான்தான் அவளை இந்த நிலைக்கு ஆளாக்கியது மாதிரி.

உன் அக்கா,
தெல்மா


பாமர்ஸ்டன்
15 செப்டம்பர் 1957

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக ஊர் வந்து சேர்ந்தேன். உன் கையால் வைத்த ஆட்டுக்கறியும் புதினாச் சாறும் இன்னும் நாக்கில் நிற்கின்றன. அதை ரூபியிடம் சொல்லித் தொலைத்துவிட்டேன். மூன்று நாளாக எனக்குக் காய்கறிச் சாறுதான்.

கொட்டகையின் ஆறு குவளைத் தொகுதிகளையும் மாட்டி முடித்து, அன்று மாலை முதலில் வந்த மாட்டுக்குக் குவளை போட்டேன். டச்சஸ் ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள். பிறகு அசைபோடத் தொடங்கினாள். அக்கா, கறக்கும்போது மாடு அசைபோடுவதைப் பார்க்கத்தான் நான் இத்தனை வருடம் வரைபலகை முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

அத்தான் இரண்டு நாளும் என்னை அன்பாக நடத்தினார். மதுக்கடையை ஆறு மணிக்கு மூடிவிடுவார்களே என்று நான்கு மணிக்கே என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், எல்லோரிடமும், "இவன்தான் என் மச்சான். மாட்டுக்கு மெத்தை தைக்கிறவன்" என்று அறிமுகப்படுத்தினார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. மாலைக் கறவையை உன் ஒருத்தி தலையில் கட்டிவிட்டு வந்தோமே என்றுதான் வருத்தம். தினமும் அப்படித்தானாமே?

எப்படிப் போகிறது என்று எழுது. குறை இருந்தால் மறைக்காதே. தம்பி மனம் நோகுமே என்று பார்த்தால் குவளை திருந்தாது.

லின்ட்சே


அவாய் சாலை
13 அக்டோபர் 1957

அன்புத் தம்பிக்கு,

அனைவரும் நலம். ஹெதர் பள்ளியிலிருந்து எழுதியிருந்தாள், கணக்கில் முதலாவதாம்.

குறையை மறைக்காதே என்று சொன்னதால் எழுதுகிறேன். மாலைக் கறவை தேவலோகம். மாடுகள் தாமாக வந்து நிற்கின்றன. குவளை மாட்டினதும் பால் இறங்குகிறது. மடி காலியாகித் துணி மாதிரி தொங்குகிறது.

காலையில்தான் சரியில்லை. பாலை எக்கிக்கொள்கின்றன. குவளையை உதைத்துத் தள்ளுகின்றன. மடியில் பாதி அப்படியே தங்கிவிடுகிறது. பான்ஸிக்கு ஒரு காம்பில் பால் திரிதிரியாக வந்தது, மடிநோய்தான். அவளோடு இன்னும் இரண்டு பேருக்கு. கால்நடை மருத்துவர் மருந்து ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார்.

விடிகாலைக் குளிரில் ரப்பர் விறைத்துவிடுகிறதோ என்னவோ. எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. தொட்டால் கையே சில்லிடுகிறது. நீ அதைக் கொஞ்சம் பாரேன்.

காலையில் அவரும் கூட நிற்பார். "உன் தம்பி கண்டுபிடிப்பு இதுதானா?" என்று கேட்கிறார். நீ மனதில் வைத்துக்கொள்ளாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தெல்மா


பாமர்ஸ்டன்
3 நவம்பர் 1957

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். பான்ஸியின் மடி எப்படி இருக்கிறது?

குளிர்! எனக்கு இது தோன்றவே இல்லை பார். இங்கே கறப்பது நண்பகலில். உறை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். உன் கடிதம் வந்த அன்றே நாலு உறையைக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டேன். ரூபி கறி எடுக்கப் போனவள், "சாப்பாட்டுப் பெட்டியில ரப்பர வச்சிருக்கீங்களே, ராத்திரிக்கு இதையே சூப்பு வச்சுத் தரட்டுமா?" என்று கத்தினாள். விறைப்பை அளந்து பார்த்தேன். நீ சொன்னது உண்மைதான், கொஞ்சம் விறைக்கிறது. பெரிய அளவில் இல்லை. ஆனால் மாட்டின் காம்புக்கு அதுவே போதுமோ என்னவோ.

வேறு கலவையில் ரப்பர் வார்த்து ரயிலில் அனுப்பியிருக்கிறேன். பனியிலும் நெகிழ்ந்து கொடுக்கும். மாட்டுவதற்கு முன் வெந்நீரில் ஒருமுறை முக்கிவிடு. உள் வாயையும் இன்னும் மழமழவென்று ஆக்கியிருக்கிறேன்.

கில்கிறிஸ்ட் பொறுமை இழக்கிறார். "உங்க அக்கா மாடெல்லாம் சாயங்காலம் மட்டும்தான் மாடா? காலையில புலியா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

டிசம்பர் கோடை விடுமுறைக்கு ஹெதர் வந்ததும் அவளுக்கும் குவளை மாட்டக் கற்றுக்கொடு.

லின்ட்சே


அவாய் சாலை
8 டிசம்பர் 1957

அன்புத் தம்பிக்கு,

உனக்கும் ரூபிக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து. இருமல் போயிற்றா?

புதிய ரப்பர் வந்தது. தொட்டால் பட்டுப்போல இருக்கிறது. நீ எவ்வளவு பாடுபட்டிருப்பாய் என்று கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். மாலையில் இன்னும் நன்றாகக் கறக்கிறது. காலையில் மாற்றம் இல்லை.

இயந்திரத்தின் அந்த டிக் டிக் என்ற துடிப்புச் சத்தம் காரணமாக இருக்குமோ? காலையில் ஊர் அமைதியாக இருப்பதால் சத்தம் பெரிதாகக் கேட்டு மாடு மிரளலாம். அல்லது காலையில் மடி நிறைந்து கனமாக இருப்பதாலோ. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், நீதான் யோசிக்கவேண்டும்.

பான்ஸிக்கு ஒரு காம்பு போய்விட்டது. இனி மூன்றுதான்.

கையெழுத்து கோணலாக இருக்கிறதே என்று பார்க்காதே. முற்றத்தில் ஈரச் சிமெண்டில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் முறிவு. மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். பெரிதாக ஒன்றுமில்லை. இடது கையால் குவளையைத் தூக்கி மாட்டப் பழகிக்கொண்டேன். பக்கத்துப் பண்ணை மிரியாமா அவ்வப்போது வந்து துணி துவைத்துத் தருகிறாள்.

ஹெதர் விடுமுறைக்கு வரவில்லை. தோழி வீட்டுக்கு, கடற்கரைப் பக்கம் போகிறாள். அந்த வயதுப் பெண்ணுக்கு இங்கே என்ன இருக்கிறது, நானே போகச் சொன்னேன்.

நீங்களும் இந்த முறை வரவேண்டாம். கூடுதல் அறை ஒழுகுகிறது.

தெல்மா


பாமர்ஸ்டன்
12 ஜனவரி 1958

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையை நினைத்து நாங்கள் இருவரும் கவலையில் இருக்கிறோம். எலும்பு கூடிவிட்டதா? பண்டிகை முடிந்து ஒரு கடிதம் போட்டேன், பதில் இல்லை. அதனால் மறுபடியும்.

உனக்கு ஒரு பரிசு செய்திருக்கிறேன். நாலு குவளையும் வந்து சேரும் நடுக்கிண்ணம் இருக்கிறதல்லவா? பித்தளையை விட்டுவிட்டு அலுமினியத்தில் வார்த்துவிட்டேன். எடை பாதியாகிவிட்டது. அடிப்பக்கம் ஒரு வளைந்த பிடி. ஒரு கையால் தூக்கி, அதே கையின் கட்டை விரலால் ஒவ்வொரு குவளையாகக் காம்பில் ஏற்றலாம். பட்டறையில் என் வலது கையை இடுப்பு வாரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு இடது கையால் எட்டு மாட்டுக்கும் போட்டுப் பார்த்தேன். எல்லோரும் கூடி நின்று சிரித்தார்கள். கில்கிறிஸ்ட் சிரிக்கவில்லை. "இது விக்கும்டா. கை வலிக்கிற பொம்பளைங்க எல்லாப் பண்ணையிலயும் இருக்காங்க" என்றார்.

துடிப்புக் கருவிக்கும் கம்பளி உறை தைத்தாயிற்று. இப்போது பூனை நடப்பதுபோலத்தான் கேட்கும்.

ஆனாலும் காலைக் கறவை எனக்குப் பிடிபடவில்லை. ஒரே ரப்பர், ஒரே மாடு, ஒரே கொட்டகை. கடிதத்தில் இதைக் கண்டுபிடிக்க முடியாது. நான் வந்து ஒரு காலை நின்று பார்க்கிறேன். அறை ஒழுகினால் வைக்கோலில் படுத்துக்கொள்கிறேன்.

லின்ட்சே


பாமர்ஸ்டன்
16 பிப்ரவரி 1958

அக்கா,

இந்தக் கடிதத்தை ரப்பர் பெட்டியின் அடியில், பொதிகாகிதத்துக்குள் வைத்து அனுப்புகிறேன். பெட்டியை நீதான் பிரிப்பாய் என்று தெரியும். நீ நலமா என்று கேட்க வெட்கமாக இருக்கிறது.

வருகிறேன் என்று எழுதினேனே தவிர, நாள் சொல்லாமலே வந்துவிட்டேன். சாலையோர முள்வேலிக்குப் பக்கத்தில் காரை நிறுத்திவிட்டு, மாடுகளோடு நடந்து வரலாம் என்று மேய்ச்சல் பக்கமாக வந்தேன். விடிந்துகொண்டிருந்தது. முதலில் அத்தானின் குரல்தான் கேட்டது. "நடங்கடி, நாசமாப் போறவளுகளா!" மாடுகள் நடக்கவில்லை, ஓடின. ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சிமெண்டில் வழுக்கி ஓடின. டச்சஸ் கொட்டகைக்குள் நுழைந்ததும் சாணி போட்டுவிட்டாள். அவள் தொடை நடுங்கியது வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே தெரிந்தது.

நீ குவளை மாட்டினாய். அவள் உதைத்தாள். அத்தான் கையில் கறுப்புக் குழாய் ஒன்று இருந்தது. நான் செப்டம்பரில் கழற்றிப்போட்ட பழைய பால் குழாய் அது. அவள் இடுப்பெலும்பில் ஓங்கி ஓங்கி அடித்தார். "உன் தம்பி மெத்த தச்சுக் குடுத்தும் ஒதைக்கிறா பாரு! ஒதைப்பியா? ஒதைப்பியா?" நீ குவளையைக் கையில் பிடித்தபடி ஒதுங்கினாய். "என்னடி வேடிக்க பாக்கிற? அடுத்தவளுக்கு மாட்டு!"

அப்புறம் அவர் புகையிலை டப்பாவை எடுக்க உன் தலைக்கு மேல் இருந்த பலகையை நோக்கிக் கையை உயர்த்தினார். வெறும் டப்பாவுக்காக. நீ இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குனிந்துவிட்டாய்.

அக்கா, நீயும் டச்சஸும் ஒரே மாதிரி குனிந்தீர்கள்.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறிய வேகம் இருக்கிறதே! "அட, மச்சான்! வாய்யா வா. ஒரு வார்த்த சொல்லிட்டு வரக் கூடாதா?" குழாயைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார். நானும் கட்டிக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

மாலையில் அவர் மதுக்கடைக்குப் போனதும் நீயும் நானும் மட்டும் கறந்தோம். அதே மாடுகள். ஒன்றுகூடக் காலைத் தூக்கவில்லை. கேட்க வாயெடுத்தேன். நீ ஈரத்துணியை என் கையில் திணித்து, "பான்ஸிய நீ கழுவு. அவளுக்கு உன்னப் பிடிக்கும்" என்றாய். மறுபடி கேட்டேன். "பேச்சு சத்தம் கேட்டா பால எக்கிரும்டா" என்றாய். உன் கண்ணைப் பார்த்த பிறகு என்னால் மூன்றாவது முறை கேட்க முடியவில்லை.

பிழை ரப்பரில் இல்லை. குளிரில் இல்லை. சத்தத்தில் இல்லை. நீ சிமெண்டில் வழுக்கி விழவும் இல்லை.

இங்கே வந்துவிடு. ஹெதரையும் அழைத்துக்கொள். ரூபி அறையைத் தயார் செய்துவிட்டாள். நீ ஒரு வரி எழுதினால் போதும், நான் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன்.

லின்ட்சே


அவாய் சாலை
23 மார்ச் 1958

என் அன்புத் தம்பிக்கு,

இதை மிரியாமா வெளியூர் தபால் நிலையத்தில் போடுவாள். நீ அவள் முகவரிக்கு எழுதாதே. அவள் கணவன் மேய்க்கும் நிலம் உன் அத்தான் மெர்வினுடையது. என்னால் அவர்கள் குடும்பம் தெருவுக்கு வரவேண்டாம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டேன். ஒரு மாதமாகப் பதில் எழுதி எழுதி, அதையும் அடுப்பில்தான் போட்டேன்.

உன் உறையில் பிழை இல்லை என்று எனக்கு முதல் வாரமே தெரியும். உன்னைக் குளிரின் பின்னாலும் சத்தத்தின் பின்னாலும் ஓடவிட்டேன். நீ குளிர்ப்பெட்டியில் ரப்பர் வைத்த கதையைப் படித்துச் சிரித்தேன், பிறகு அழுதேன். ஆனால் உன்னை ஏமாற்றவேண்டும் என்று மட்டும் செய்யவில்லை லின்ட்சே. நீ எதையாவது மாற்றி, ஏதோ ஒரு நாள் காலையில் மாடுகள் அசையாமல் நின்றுவிட்டால் அவருக்குக் கோபம் வர ஒன்றும் இருக்காதே என்று நினைத்தேன். ஒவ்வொரு பெட்டி வரும்போதும் அதைத்தான் நினைத்தேன்.

அவர் முன்பு இப்படி இல்லை. இத்தாலியில் சிறைமுகாமில் இருந்துவிட்டு வந்தவர் தூங்குவதில்லை. தூங்கினால் கத்திக்கொண்டு எழுகிறார். காலையில் எதிரில் யார் நின்றாலும் அவருக்குப் பகைதான். அவருக்காகப் பேசுகிறேன் என்று நினைக்காதே. எனக்கே விளங்கிக்கொள்ளத்தான் எழுதுகிறேன்.

பாதிரியாரிடம் சொன்னேன். "யுத்தத்துக்குப் போய்ட்டு வந்த மனுசன், கொஞ்சம் பொறுத்துப் போம்மா" என்றார். நகரத்தில் ஒரு வக்கீலிடம் கேட்டேன். நானாக வீட்டைவிட்டுப் போனால் ஹெதர் அவரிடம்தான் இருக்கவேண்டி வரும் என்றார். ஹெதர் இதையெல்லாம் பார்க்கக் கூடாது என்றுதான் அவளை விடுமுறைக்குக்கூட வரவிடாமல் வைத்திருக்கிறேன். அவள் என்னை வெறுக்கிறாள். "அம்மாவுக்கு என்னைப் பார்க்கவே பிடிக்கவில்லை" என்று எழுதியிருக்கிறாள். வெறுத்தால் வெறுக்கட்டும், அங்கேயே இருக்கட்டும்.

நான்கிலிருந்து ஆறுவரை கடை அவரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்த நேரம் எனக்கும் மாடுகளுக்கும். நீ மாட்டிய குவளை மெல்ல இழுக்கும், விடும். அவை அசைபோடும். நான் டச்சஸின் விலாவில் நெற்றியை வைத்துக்கொண்டு நிற்பேன். யாரும் யாருக்கும் பயப்படாத இடம் இந்த உலகத்தில் எனக்கு அது ஒன்றுதான். நான் வந்துவிட்டால் மாடுகளுக்கு மாலையும் காலை மாதிரி ஆகிவிடும்.

உன் முதலாளியிடம் மாலைக் கறவையை மட்டும் சொல். அதுதான் உன் குவளையைப் பற்றிய உண்மை.

ஆனாலும், ஒரு நாள் வரலாமோ என்று இரண்டு நாளாகத் தோன்றுகிறது. ஹெதரை முதலில் பள்ளியிலிருந்து நீ அழைத்துக்கொண்டு போய்விட்டால். மாட்டுச் சந்தை நாளில் அவர் பொழுதெல்லாம் இருக்கமாட்டார். எனக்கு யோசிக்கத் தெரியவில்லை. நீ யோசித்து எழுது. ரப்பர் பெட்டியிலேயே வை.

உன் தெல்மா


அவாய் சாலை
11 மே 1958

மச்சான் லின்ட்சேக்கு,

சுகம்தானே? ரூபியைக் கேட்டதாகச் சொல்.

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் உறவு விட்டுப்போகக் கூடாது என்று எழுதுகிறேன். ஏப்ரலில் நீ அனுப்பிய ரப்பர் பெட்டியை ரயில் நிலையத்தில் நானே வாங்கினேன், நானே பிரித்தேன். உனக்கு நல்ல கையெழுத்து. சந்தை நாளன்று கார் கொண்டுவருவதாக எழுதியிருந்தாய். நான் சந்தைக்குப் போகவில்லை.

நீ அன்று கான்ஸ்டபிளைக் கூட்டிக்கொண்டு வந்தது எனக்கு வருத்தமில்லை. அவனும் நானும் ஒரே அணியில் பந்து விளையாடினவர்கள். நீ வாசலில் காத்திருந்தாய். அவன் உள்ளே வந்து தேநீர் குடித்தான், கேக் சாப்பிட்டான். தெல்மாவிடம் நேருக்கு நேர் கேட்டான். "எனக்கு ஒண்ணும் குறையில்லைங்க. என் தம்பி சின்ன வயசுலேர்ந்தே கொஞ்சம் கற்பனை ஜாஸ்தி" என்று அவள் வாயாலேயே சொன்னாள். நீ அதைக் கேட்கவில்லையே என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஹெதரைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டேன். பதினைந்து வயது முடிந்துவிட்டது, சட்டமும் தடுக்காது. அம்மாவுக்குக் கை சரியில்லை, வீட்டில் ஆள் வேண்டும். அப்பாவிடம் வளர்வதுதான் பெண்ணுக்கு நல்லது.

உன் குவளை நல்ல சரக்கு. அதை நான் திருப்பித் தரமாட்டேன். இனிமேல் கடிதம் எழுதினால் இருவர் பெயருக்கும் எழுது. எனக்கும் படிக்கப் பிடித்திருக்கிறது.

சொல்லாமல் வராதே.

மெர்வின்


பாமர்ஸ்டன்
29 ஜூன் 1958

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நானும் ரூபியும் நலம். நீங்கள் மூவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பால் வற்றவிட்டு மாடுகள் ஓய்வில் இருக்கும் காலம். உங்களுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைத்திருக்கும்.

குவளைக்கு அச்சு வார்த்தாகிவிட்டது. மாலைக் கறவைக் கணக்கை மட்டும் வைத்துக் கில்கிறிஸ்ட் சம்மதித்தார். வரும் பருவத்தில் முந்நூறு பண்ணைகளுக்குப் போகிறது. ஒற்றைக் கைப் பிடி வைத்த நடுக்கிண்ணத்துக்குத்தான் அதிகக் கிராக்கி. பட்டறையில் எனக்கு விருந்து வைத்தார்கள், பேசச் சொன்னார்கள். "நன்றி" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அடக்கம் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

புதிய ரப்பர் ஒரு தொகுதி அனுப்பியிருக்கிறேன். இதைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், அக்கா, கவனமாகப் படி. எந்த ரப்பரும் ஓர் அளவுக்குத்தான் தாங்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளுக்குள் மெல்லிய வெடிப்பு விட்டிருக்கும். அப்படியே ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. ஒரு சின்ன வெடிப்புத் தெரிந்தாலும், நாளையாகட்டும் நடுச்சாமமாகட்டும், எனக்கு ஒரு வரி போடு. "வெடிப்பு" என்ற ஒரு சொல் போதும். மாற்றிக்கொடுக்கும் பொறுப்பு செய்தவனுடையது. நானே வந்து கழற்றி எடுத்துக்கொண்டு போவேன். எல்லாவற்றையும். சின்ன உறையையும் சேர்த்து.

ஹெதருக்கு மாமாவின் முத்தங்கள்.

உங்கள் லின்ட்சே


அவாய் சாலை
24 ஆகஸ்ட் 1958

அன்புத் தம்பி லின்ட்சேக்கும் ரூபிக்கும்,

நாங்கள் எல்லோரும் நலம். உங்கள் நலம் அறிய ஆவல். ரூபிக்கு இந்தக் குளிரில் இருமல் இல்லையே?

உன் குவளை முந்நூறு பண்ணைக்குப் போவது கேட்டு மெத்த மகிழ்ச்சி. அத்தனை மாடுகளும் உன்னை வாழ்த்தும்.

இந்த வருடம் இதுவரை முப்பத்தைந்து ஈன்றிருக்கின்றன. பான்ஸியைச் சந்தையில் கொடுத்துவிட்டோம். அவர் இப்போது மாலையிலும் கொட்டகைக்கு வருகிறார். கடைக்குப் போவதை விட்டுவிட்டார். அது நல்லதுதானே என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

ஹெதர் காலையும் மாலையும் எங்களோடு கறக்கிறாள். சுறுசுறுப்பான பெண். எந்த மாடு எப்போது உதைக்கும், எங்கே நிற்கவேண்டும், எப்போது குனியவேண்டும் என்பதெல்லாம் நான் சொல்லிக்கொடுக்காமலே கற்றுக்கொண்டுவிட்டாள். கொட்டகையில் வாயே திறப்பதில்லை.

நீ சொன்னபடி ரப்பரை எல்லாம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெடிப்பு எதுவும் இல்லை. நீ வரவேண்டாம்.

இதை அவரும் படித்துப் பார்த்தார். சரியாக இருக்கிறது என்றார்.

உன் அக்கா,
தெல்மா